முதலாவது ஓட்டமும் கடைசி இடமும்

வெல்ல முடியாது என்பதை ஐயத்துக்கிடமின்றி அறிந்த ஒருவர் ஓட்டமொன்றிலே கலந்துகொள்ள முன்வருவாராயின், அச்செய்கையை எவ்வாறு மதிப்பிடுவது? அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. பாடசாலையை விட்ட நாளிலிருந்து பஸ்ஸைப் பிடிப்பதற்கன்றி வேறெதற்கும் அவர் ஓடியதில்லை. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இத்தகையவர், ஊர் மக்கள் கூடி ஓடும் ஐந்து கிலோமீற்றர் ஓட்டமொன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இரண்டு மாதங்களாக விடியற்காலையில் எழுந்து தம்மைத் தயார்செய்து வருகிறார். பரிசு கிடையாது, பத்திரிகையிற் பெயர் வராது, பெரும்பாலும் அவர் கடைசியிலேயே வரப்போகிறார். நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுடைய சிரிப்பிலே ஒரு தத்துவம் அடங்கியிருக்கிறது. வெல்லாத ஓட்டம் வீண் ஓட்டம் என்பதே அத்தத்துவம்.

இது ஓட்டத்தோடு நின்றுவிடுமாயின் இதைப்பற்றி எழுதவேண்டிய தேவை எழாது. ஆனால் மனிதரை வரிசைப்படுத்துவதையே மனிதரை அறிவதாகக் கொள்ளும் பழக்கம் நம் வாழ்வின் எல்லா மூலைகளிலும் புகுந்துவிட்டது. ஆசிரியத் தொழில் பார்ப்போர் இதை எவரிலும் நன்கறிவர். வகுப்பிலே முதலாம் பிள்ளை யாரென்று கேட்கும் பெற்றோர் பலர். முப்பத்தெட்டாம் பிள்ளை இவ்வாண்டு என்ன கற்றதென்று கேட்பவர் எவருமில்லை. பத்து வயதுப் பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சையில் ஓடவிட்டு, வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர்களை அப்பருவத்திலேயே 'பின்தங்கியோர்' என்று பெயரிடுகிறோம். இல்ல மெய்வல்லுநர்ப் போட்டி நாளிலோ பாடசாலையின் பெரும்பகுதி கூடாரத்துக்குள் இருந்து கைதட்டுவதற்கே பழக்கப்படுத்தப்படுகிறது. ஆகவே, ஓடப் பழகும் இந்த நடுத்தர வயதினரின் செய்கை நமக்கு நல்லதோர் உரைகல்லாக அமைகிறது. ஒருவரது முயற்சியின் பெறுமதியை மற்றவரோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தாமல் அளக்க முடியுமா? முடியுமாயின் அது எத்தகைய ஏற்பாட்டிலே முடியும்?

வெறும் நியாயவாதத்தில் உழலாமல், நடைமுறையிலுள்ள ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இலண்டன் மாநகரின் தென்மேற்கே, டெடிங்டன் என்னும் பகுதியையடுத்து, புஷி பூங்கா என்றொரு விசாலமான பூங்கா உண்டு. மான்கள் மேயும் பழைய அரச பூங்கா அது. 2004 ஒக்டோபர் 2ஆந் திகதி சனிக்கிழமை காலை அங்கே 13 பேர் கூடி 5 கிலோமீற்றர் ஓடினர். ஐந்து பேர் தொண்டர்களாக நின்று உதவினர். இதனை ஒழுங்குசெய்த போல் சின்டன்-ஹியூவிட் என்பவர் அக்காலத்திற் காயமுற்று, தாம் ஓட முடியாதிருந்தார். தாம் ஓடாவிட்டாலும் ஓடும் நண்பர்களைக் கிழமைதோறும் காணவேண்டும் என்ற விருப்பமே அவரை இம்முயற்சியில் இறக்கியது. ஓடி முடித்தவர்களுக்கு வரிசைப்படி கொடுப்பதற்கு இரும்புக்கடையில் வாங்கிய வாஷர் வளையங்களே தொடக்கத்திற் பயன்பட்டன. பின்னர் 'பார்க்ரன்' என்று பெயர்பெற்ற இவ்வோட்டம் இன்று பல நாடுகளின் பூங்காக்களிலே சனிக்கிழமை தோறும் நடைபெறுகிறது. கட்டணம் இல்லை. ஓடலாம், நடக்கலாம், ஓடாமல் உதவி செய்வதற்கு மட்டும் வரலாம்.

இதன் வரலாற்றிலே என் கவனத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. தொடக்கத்தில் இதற்கு வழங்கிய பெயர் 'புஷி பூங்கா நேரச் சோதனை' என்பதாகும். கடிகாரத்தோடு மல்லுக்கு நிற்பதையே அப்பெயர் குறித்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, ஓட்டத்தை முடிப்போர் எடுக்கும் சராசரி நேரம் கூடிக்கொண்டே வந்தது. அதாவது கூட்டம் வரவர மெதுவாகியது. விளையாட்டுக் கழகம் எதுவாயினும் இதனைச் சீரழிவு என்றே கருதியிருக்கும். இதனை நடத்தியோர் அவ்வாறு கருதவில்லை. முன்னர் ஓட நினைத்தும் பாராதவர்கள் வரத் தொடங்கிவிட்டனர் என்பதன் அடையாளமாகக் கண்டு மகிழ்ந்தனர். ஒரே எண்; அளவுகோல் மாறியவுடன் தோல்வி வெற்றியாயிற்று.

இனி, புதியவரின் ஆயத்தம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகவே நோக்கவேண்டும். ஏனெனில், நாம் எழுப்பிய ஒழுக்கப் பிரச்சினை ஓட்ட நாளிலே பிறப்பதன்று. ஆயத்த நாட்களிலேயே பிறந்துவிடுகிறது.

1996இல் ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர் தமது தாயாரை மனத்திற் கொண்டு ஒரு பயிற்சி ஒழுங்கினை வகுத்தார். சாய்மனைக் கதிரையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்கு என்று பொருள்படும் பெயருடைய அவ்வொழுங்கு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அது ஒன்பது கிழமைகளுக்குரியது. கிழமைக்கு மூன்று நாள். நாளுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம். முதற்கிழமையில் ஐந்து நிமிடம் விரைந்து நடந்தபின், 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என மாறிமாறி 20 நிமிடம் செய்யவேண்டும். அவ்வளவுதான். ஒரு நிமிடம் ஓடுவதும் ஒரு காரியமா என்று எண்ணுவோர் தாமே ஒருமுறை ஓடிப் பார்ப்பது நல்லது. கிழமைகள் செல்ல, ஓட்டம் நீளுகிறது, நடை குறுகுகிறது. ஐந்தாங் கிழமையிலே ஒரு சோதனை காத்திருக்கிறது. முந்திய பயிற்சியில் எட்டு நிமிடம் ஓடி, ஐந்து நிமிடம் நடந்து, மீண்டும் எட்டு நிமிடம் ஓடியவர், அடுத்த பயிற்சியில் நில்லாமல் 20 நிமிடம் ஓடவேண்டும். பலர் அஞ்சும் நாள் அதுதான். ஓடி முடித்தோர் தம்மைத் தாமே நம்பாமல் கடிகாரத்தை இரண்டாம் முறையும் பார்ப்பர். ஒன்பதாங் கிழமையில் 30 நிமிடத் தொடர் ஓட்டம். புதியவர் பலர் அந்த 30 நிமிடத்தில் 5 கிலோமீற்றரைக் கடந்துவிடுவதில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடவேண்டும். மிகுதித் தூரத்தை ஓடியோ நடந்தோ முடிக்கவேண்டியதுதான்.

இவ்வொழுங்கின் சிறப்பு அதன் கஞ்சத்தனத்திலே தங்கியிருக்கிறது. மனித உடம்பின் உறுப்புகள் யாவும் ஒரே வேகத்திற் பழகுவதில்லை. பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே குருதியின் நீர்ப்பகுதி பெருகத் தொடங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியை வெளிச்செலுத்த இதயம் பழகுகிறது. ஒட்சிசனைக் கொண்டு சக்தியை உண்டாக்கும் இழைமணிகள் சில கிழமைகளில் தசைக்குள் பெருகுகின்றன. எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுமோ மாதக்கணக்கிலேயே உறுதி பெறுகின்றன. இதனால் நான்காங் கிழமையளவில் ஒரு முரண்பாடு தோன்றுகிறது. மூச்சு 'இன்னும் ஓடலாம்' என்கிறது. கணைக்கால் எலும்பு 'பொறு' என்கிறது. புதியவர் பெரும்பாலும் மூச்சின் சொல்லையே கேட்பார். பிறகு இரண்டு கிழமை நொண்டுவார். ஓடிக்கொண்டே பக்கத்திலுள்ளவரோடு முழு வாக்கியமாகப் பேசக்கூடிய வேகமே தொடக்கத்துக்குரிய வேகம் என்று பயிற்றுநர் சொல்வர். வெட்கப்படத்தக்க அளவு மெதுவான வேகம் அது. ஒழுக்கப் பிரச்சினை நுழைவது இந்த வெட்கத்தின் வழியாகவே.

தோட்டப்புறத்தின் வரலாற்றை அறிந்த நமக்குக் கங்காணி என்ற சொல்லை விளக்கவேண்டியதில்லை. பிறருடைய உடம்பை நேரக்கணக்கிலும் நிறைக்கணக்கிலும் அளந்து வேலை வாங்குவது அவன் தொழில். களைத்தவளை ஏசுவதும், அடுத்த நிரையில் நிற்பவளைக் காட்டி அவமானப்படுத்துவதும் அவனுடைய கருவிகள். இன்றைய நகர மனிதன், வெளியே கங்காணி இல்லாத நேரத்திலும், அவனைத் தனக்குள்ளே குடிவைத்திருக்கிறான். மணிக்கட்டிலே கட்டிய கருவி காலடிகளையும் நாடித்துடிப்பையும் எண்ணிச் சொல்ல, 'நேற்றைக்கு இன்று குறைவு' என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டு ஓடுகிறான். உடம்பைக் கூலியாளாகவும் மனத்தைக் கங்காணியாகவும் இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடும் ஓட்டம் இது. காலை எட்டு மணிக்குத் தொடங்கும் அலுவலகத்திலே மேலதிகாரி செய்யவிருப்பதை, ஐந்தரை மணிக்கே தான் தனக்குச் செய்துகொள்கிறான். இதற்குப் பெயர் பொழுதுபோக்கு!

நல்ல ஆயத்தம் இப்பிளவை மூடப் பார்க்கிறது. அதிலே ஓய்வு நாள் என்பது சோம்பேறிக்குக் கொடுத்த சலுகையன்று. பயிற்சியின் பாதி அதுவே. உடம்பு வலுப்பெறுவது ஓடும்போதன்று, ஓடியதன் தேய்வைச் சீர்செய்துகொள்ளும் நேரத்திலே. இதை உணர்ந்தவர் தமது உடம்புக்குக் கட்டளையிடுவதை விட்டு, அதனோடு ஒப்பந்தம் பேசத் தொடங்குகிறார். ஒன்பது கிழமையில் ஒருவர் பெறும் கல்வி ஏதேனும் உண்டாயின் அது இதுவென்றே நினைக்கிறேன். நிறை குறைவது முதலியன வந்தாலும் வரலாம், வராமலும் விடலாம்.

இவையெல்லாம் சரி, ஆனால் போட்டியின்றி முயற்சி பிறக்குமா என்று கேட்போர் உளர். இக்கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. தனியே ஓடும்போது இழுபடும் கால், பக்கத்தில் ஒருவர் ஓடும்போது தானே விரைகிறது என்பதை ஓடிய எவரும் அறிவர். மற்றவரின் இருப்பு நம்மை ஊக்குகிறது. இதை மறுப்பது மனித இயல்பை மறுப்பதாகும். ஆயின், மற்றவரின் இருப்பும் மற்றவரின் தோல்வியும் ஒன்றல்ல. என் கால் விரைவதற்கு அடுத்தவர் என் பக்கத்தில் ஓடினாற் போதும். அவர் எனக்குப் பின்னால் வரவேண்டிய அவசியமில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுவதே போட்டித் தத்துவத்தின் சாமர்த்தியம்.

இவ்வேறுபாட்டை எண்ணும்போது நம் நாட்டவர் ஒருவரின் நினைவு வருகிறது. 1964 ஒக்டோபர் 14ஆந் திகதி, டோக்கியோ ஒலிம்பிக் அரங்கிலே 10,000 மீற்றர் ஓட்டம். இலங்கை இராணுவத்தைச் சேர்ந்த ரணதுங்க கருணானந்த 67ஆம் இலக்கத்தை அணிந்து ஓடினார். அமெரிக்கரான பில்லி மில்ஸ் எவரும் எதிர்பாராத வகையிலே முதலாவதாக வந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக முடித்தனர். வேறு சிலர் இடையிலேயே விலகிவிட்டிருந்தனர். ஓட்டம் முடிந்ததென்று அரங்கு எண்ணிய வேளையிலும் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். கருணானந்தவுக்கு இன்னும் சுற்றுகள் எஞ்சியிருந்தன. முதலில் எழுந்தது சிரிப்பும் ஏளனமும். அவர் நிற்கவில்லை. அடுத்து வந்தது அமைதி. கடைசிச் சுற்றிலோ அரங்கு முழுவதும் கரகோஷம் செய்தது. மில்ஸ் முடித்து ஏறக்குறைய ஆறு நிமிடங் கழித்து அவர் எல்லைக்கோட்டைக் கடந்தார். பின்னர் ஜப்பானியப் பாடநூலொன்றிலும் அவர் கதை இடம்பெற்றது.

அந்தச் சில நிமிடங்களிலே மாறியது யாது? கருணானந்தவின் வேகம் மாறவில்லை. மாறியிருந்தால் களைப்பினாற் குறைந்திருக்கும். அவருடைய இடமும் மாறவில்லை. சிரித்தபோதும் கடைசிதான், கைதட்டியபோதும் கடைசிதான். மாறியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தோரே. 'எத்தனையாவது' என்ற கேள்வியோடு பார்த்தபோது கேலிக்குரியவராகத் தோன்றியவர், 'என்ன செய்கிறார்' என்ற கேள்வியோடு பார்த்தபோது வேறொருவராகத் தோன்றினார்.

எனினும், இக்கதையைப் பரிசளிப்பு மேடைகளில் எடுத்துரைப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஏளனத்தைப் போலவே கரகோஷமும் கடைசியில் வருபவரைத் தனியாக நிறுத்துகிறது. ஆயிரக்கணக்கான கண்களின் முன்னே அவர் ஒருவரே ஓடுகிறார். சிரித்தோரின் மனச்சாட்சிக்கு ஆறுதலாக அவர் வீரராகவும் வேண்டியிருக்கிறது. கருணானந்த அதனைத் தாங்கக்கூடியவராக இருந்தார். எல்லோரும் கருணானந்த ஆகவேண்டும் என்று கேட்பது கொடுமை. ஓடப் பழகும் கணக்குப்பிள்ளைக்கோ, மூன்று பிள்ளைகளின் தாய்க்கோ வேண்டியது ஏளனமுமன்று, கரகோஷமுமன்று. பத்தோடு பதினொன்றாக, சாதாரணமாக ஓடிவிட்டு வீட்டுக்குப் போகும் உரிமையே அவர்களுக்கு வேண்டியது.

பூங்கா ஓட்டத்திலே இதற்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கிழமையும் தொண்டர் ஒருவர், தாம் வேகமாக ஓட வல்லவராயினும், எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசி இடம் அவருக்கென்று முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆகவே வேறெவரும் கடைசியாக வர முடியாது. சிறுபிள்ளைத்தனமான தந்திரம் என்று இதனைத் தள்ளிவிடலாம். நானும் முதலிற் கேள்விப்பட்டபோது புன்னகைத்தேன். ஆனால் எண்ண எண்ண, இதனுள்ளே ஒரு முக்கியமான கருத்து இருப்பதாகவே படுகிறது. கடைசி இடம் என்பது புவியீர்ப்பைப் போல இயற்கை விதியன்று. மனிதர் செய்த ஏற்பாட்டின் விளைவு. ஏற்பாட்டை மாற்றினால் அதன் கொடுக்கு ஒடிந்துவிடுகிறது. பின்தங்கிய மாணவர் என்ற பேச்சை எடுக்கும்போதெல்லாம் நாம் மாணவரையே ஆராய்கிறோம், ஏற்பாட்டை ஆராய்வதில்லை.

இவ்வழியிலே எவ்வளவு தூரம் செல்லலாம் என்பது வேறு கேள்வி. 2024 பெப்ரவரியில் பார்க்ரன் நிறுவனம் தன் இணையத்தளத்திலிருந்து அந்தந்த ஓட்டப்பாதைகளின் வேகச் சாதனைப் பட்டியல்களை நீக்கியது. வேகம் குறைந்தோர் அவற்றைக் கண்டு தயங்காமல் வரவேண்டும் என்பது காரணம். பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. என் அனுதாபத்தின் ஒரு பகுதி எதிர்த்தோர் பக்கமே இருக்கிறது. தன் ஊர்ப் பூங்காவில் ஒரு பெண் எவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறாள் என்பதை இன்னொரு பெண் அறிய விரும்புவதில் யாதொரு தீங்குமில்லை. உயர்ந்ததை மறைப்பதனால் சமத்துவம் வந்துவிடாது. சங்கீத வித்துவானை வாய்மூடச் செய்தால் நம் குரல் இனிமையாகிவிடுமா? மேலும், ஒவ்வொரு கிழமையும் யார் எத்தனையாவதாக வந்தார் என்ற பட்டியல் அப்பொழுதும் வெளிவந்துகொண்டுதான் இருந்தது. வரிசையை வைத்துக்கொண்டு சாதனையை மட்டும் நீக்கியது அரைக்கிணறு தாண்டிய கதையாயிற்று. பின்னால் நடந்துவரும் தொண்டரின் ஏற்பாடு எவரிடமிருந்தும் எதனையும் பறிக்கவில்லை. அதன் மேன்மை அங்கேதான் இருக்கிறது.

ஓட்டம் எல்லோருக்கும் உரியது என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வரலாறு அவ்வாறு தொடங்கவில்லை. 1866இல் இலண்டனிலே அமைந்த அமெச்சூர் மெய்வல்லுநர் கழகம், பணத்துக்கு ஓடியோரை மட்டுமன்றிக் கைவினைஞர், கூலித்தொழிலாளர் ஆகியோரையும் 'அமெச்சூர்' என்ற இலக்கணத்திலிருந்து விலக்கிவைத்தது. கையால் உழைப்பவன் கனவானோடு சேர்ந்து ஓடக்கூடாது! 1880இல் ஒக்ஸ்போட்டிலே புதிய சங்கம் அமைந்தபோதே அவ்விலக்குக் கைவிடப்பட்டது. பெண்களின் கதை இன்னும் நீண்டது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிலே பெண்கள் 800 மீற்றர் ஓடினர். ஓடி முடித்தோர் களைத்து விழுந்தனர் என்று பத்திரிகைகள் கூக்குரலிட, அவ்வோட்டம் 1960 வரை பெண்களுக்கு மறுக்கப்பட்டது. ஆண்களும் களைத்து விழுவதுண்டு. அது வீரம் எனப்பட்டது. 1967இல் பொஸ்டன் மரதனில் கத்ரின் சுவிற்சர் ஓடியபோது அதிகாரி ஒருவர் பாய்ந்து அவர் இலக்கத்தைப் பறிக்க முயன்றார். 1972இலேயே அம்மரதனிற் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டனர். தொழிலாளர் சங்கங்கள் 1925இல் பிராங்க்போட்டிலும் 1931இல் வியன்னாவிலும் தமக்கென ஒலிம்பியாட் விழாக்களை நடத்தியதும் இப்பின்னணியிலேயே. அங்கும் போட்டிகள் இருந்தன, வெற்றியாளர் இருந்தனர். ஆனால் சாதனையாளர் சிலரை உருவாக்குவதிலும் பார்க்கப் பலரை மைதானத்தில் இறக்குவதே பெரிதென்ற எண்ணம் அவற்றின் அடியில் இருந்தது.

மைதானத்தில் இறங்க மைதானம் வேண்டும். நாம் மேலே குறிப்பிட்ட புஷி பூங்காவுக்கே இதில் ஒரு பழங்கதை உண்டு. பூங்காவின் ஊடாக மக்கள் சென்றுவந்த பாதை பதினெட்டாம் நூற்றாண்டிலே அடைக்கப்பட்டிருந்தது. பூங்காவின் அதிகாரியாக இருந்தவர் ஹலிபக்ஸ் பிரபு. 1752ஆம் ஆண்டளவில், அயலிலுள்ள ஹாம்டன் விக் என்னும் ஊரிற் சப்பாத்துத் தைத்துப் பிழைத்த திமதி பெனற் என்பவர் இதனை எதிர்த்தார். தாம் சேமித்த பணத்தை வழக்குக்குச் செலவிட முன்வந்தார். பிரபு முதலிற் சீறினார், பின்னர் இறங்கிவந்தார். பாதை திறந்தது. சப்பாத்துத் தைப்பவரின் நடைபாதை என்ற பொருளுடைய பெயரால் அது இன்றும் வழங்குகிறது. சனிக்கிழமை காலையில் விலையுயர்ந்த சப்பாத்துகளோடு அப்பூங்காவில் ஓடுவோரில் எத்தனை பேர் அந்தச் சப்பாத்துத் தொழிலாளியை நினைப்பரோ!

இது பழைய காலத்து விவகாரம் மட்டுமன்று. 2016இல், பிரிஸ்டல் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்டோக் கிபர்ட் ஊர்ச்சபை, தன் பூங்காவில் ஓடுவோர் பராமரிப்புச் செலவில் பங்குகொள்ளவேண்டும் என்று தீர்மானித்தது. கட்டணமில்லாமை தம் அடிப்படைக் கொள்கையென்று கூறி நடத்துவோர் மறுக்க, அங்கு ஓட்டம் நின்றுபோயிற்று. ஊர்ச்சபையின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. மற்ற விளையாட்டுக் கழகங்கள் பணம் கட்டுகின்றன. நூற்றுக்கணக்கான கால்கள் பட்டால் பாதை தேயவே செய்யும். ஆனால் பூங்காவில் நடப்பவருக்குக் கட்டணமில்லை, ஓடுபவருக்குக் கட்டணம் என்றால், எந்த வேகத்திலே கட்டணம் தொடங்குகிறது? எத்தனை பேர் சேர்ந்தால் மக்கள் 'நிறுவனம்' ஆகின்றனர்? பாதை தேய்ந்தால் அதைச் செப்பனிடவே வரி இருக்கிறது.

பூங்கா திறந்திருந்தாலும் எல்லோரும் வந்துவிடுவதில்லை. வறிய பகுதிகளில் வாழ்வோர் இத்தகைய ஓட்டங்களிற் கலந்துகொள்வது குறைவு என்பதைப் பிரித்தானிய ஆய்வுகளே காட்டியுள்ளன. கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் நேரம் இலவசமாகக் கிடைப்பதில்லையே. சனிக்கிழமை வேலைக்குச் செல்பவர் யார், காலை ஒன்பது மணிக்கு அடுப்படியில் நிற்பவர் யார் என்று கேட்டாற் காரணம் விளங்கும். 2018இல் அந்நாட்டுக் குடும்ப வைத்தியர் கல்லூரி பார்க்ரன் நிறுவனத்தோடு சேர்ந்து, நோயாளரை இவ்வோட்டங்களுக்கு வழிகாட்டும் திட்டமொன்றைத் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆயினும், நலம் என்பது ஒவ்வொருவரின் தனிப்பட்ட கடமை, நோய் என்பது அவரவர் சோம்பலின் பலன் என்ற எண்ணத்துக்கு அது துணைபோகக்கூடாது. கொழுந்துக்கூடையோடு நாள் முழுவதும் சரிவிலே ஏறியிறங்கும் தோட்டத்துப் பெண்ணிடம் போய், 'உடற்பயிற்சி செய், அம்மா' என்று சொல்லத் துணிவோமா? அவளுக்கு வேண்டியது ஓய்வு, கூலி, நல்ல உணவு. உழைப்பிலே உடம்பைப் பறிகொடுத்தோருக்கும், உழைப்பிலிருந்து உடம்பு பிரிந்துபோனோருக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுக்க முடியாது. ஓடி விளையாடும் சுகம் அவளுடைய மகளுக்கேனும் கிடைக்கவேண்டுமாயின், முதலில் தாயின் வேலைநேரத்தைப் பற்றியே பேசவேண்டும்.

ஒன்பதாங் கிழமையை முடித்துவிட்ட நம் புதியவருக்கு இப்போது சொல்லவேண்டியவை சிலவே. புதிய சப்பாத்தை அன்றைக்கு அணியவேண்டாம், பழகியதே போதும். புறப்படும் இடத்திற் கூட்டத்தின் பின்பக்கத்தில் நில்லுங்கள். முதலாம் கிலோமீற்றரிலே எல்லோரும் உங்களைத் தாண்டிச் செல்வர். செல்லட்டும். அந்தக் கிலோமீற்றரை நீங்கள் விரும்புவதிலும் மெதுவாக ஓடினால், நாலாவது கிலோமீற்றரில் கால்கள் உங்களுடையனவாகவே இருக்கும். மூச்சு முட்டினால் நடவுங்கள். நடப்பதற்கும் அது பாதைதான். சில வேளை உங்களுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்கும். துரத்துபவரென்று எண்ணி விரையவேண்டாம். பின்னால் வருவதற்கென்றே வந்த தொண்டர் அவர். பேச்சுக் கொடுத்தால் உங்கள் ஊரையும் தொழிலையும் விசாரிப்பார். எல்லைக்கோட்டை நீங்கள் முதலிற் கடப்பீர்கள். பிறகு அவர் கடப்பார். அதன்பின் வழிகாட்டிப் பலகைகளைப் பிடுங்கி அடுக்கும் வேலை இருக்கும். அதற்கு எப்போதும் ஓரிரு கைகள் போதாமலே இருக்கும்.